ஷூ கழற்றாத மில்ட்ரிக்காரர்

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் உத்திரமேரூர்ப் பக்கம் நாலு பேருக்காவது ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆபீசிலும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மில்ட்ரி என்றால் அவர்தான். மில்ட்ரி வந்துட்டாரா, மில்ட்ரி கையில குடு, மில்ட்ரிகிட்ட நம்பர் வாங்கினியா, இப்படித்தான். எந்த ஆபீஸ் என்பதையும் விட்டுவிடுகிறேன். கம்ப்யூட்டர் வராத காலத்து அரசாங்க ஆபீஸ், ஓட்டுக் கட்டடம், பின்பக்கம் ஒரு வேப்பமரம். அவ்வளவு தெரிந்தால் போதும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகப் பிராணி. மருந்துக்கடைக்காரர் கொடுத்த மாத்திரைப் பட்டையைக் கடை வாசலிலேயே நின்று எண்ணிப் பார்க்கிற ரகம். இருபத்தாறு வயதில் புருஷனை லாரிக்குக் கொடுத்துவிட்டு, கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு நின்றவள் யாரை நம்புவது? யாரையும் நம்பாமல் இருந்ததால்தான் பிழைத்தேன் என்று இன்றைக்கும் வாதாடுவேன். மில்ட்ரி விஷயத்தில் மட்டும் வாதாட வாய் வராது.

அந்த ஆபீசில் நான் ஒரு வருஷமாகத் தினக்கூலிக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பதிவறை எழுத்தர் என்று ஒரு நிரந்தர வேலை காலியானது. வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து ஆறு பேருக்கு அட்டை வந்தது. அதில் நானும் ஒருத்தி. ஆதரவற்ற விதவை என்றால் முன்னுரிமை உண்டு. ஆனால் அந்தச் சான்றிதழ் எனக்குக் கிடைக்கவில்லை. மாமனார் பெயரில் அறுபது சென்ட் நிலம் இருக்கிறது, நீ எப்படி ஆதரவற்றவள் என்று கேட்டுவிட்டார்கள். அந்த அறுபது சென்ட்டிலிருந்து எனக்கு ஒரு பிடி நெல் வந்ததில்லை, அது வேறு கதை.

நேர்காணல் அன்று வராந்தா பெஞ்சின் கோடியில் அவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். பச்சைக் கான்வாஸ் பை. காலில் முகம் பார்க்கலாம் போலப் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. வேலை அவருக்குத்தான் கிடைத்தது. ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, "அவர் முன்னாள் ராணுவம்மா, அதுலயும் ஊனமுற்றவர். முன்னுரிமைல மொத ஆள் அவர்தான். நீ இப்படியே டைப் அடிச்சிக்கிட்டிரு, பாப்போம்," என்றார்.

ஊனமா? எங்கே? இரண்டு கை, இரண்டு கால், இரண்டு கண், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. ஆறு மைல் தள்ளி ஒரு கிராமத்திலிருந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தார். பியூன் ஏகாம்பரம் என் காதுபட முதல் வாரமே சொன்னார்: "நல்லாத்தான கீறாரு. சைக்கிள் ஓட்டிக்கினு வராரு. இதுல இன்னா ஊனம்? எங்கனா டாக்டர் கையில கால்ல வுழுந்து எய்தி வாங்கியிருப்பாரு." எனக்கு அது பாலாக இனித்தது.

ஒருநாள் டீ குடிக்கும்போது ஏகாம்பரம் நேராகவே கேட்டார். "சார், கால்ல தான இன்னாவோ? இன்னா ஆச்சு?"

"பனி," என்றார் மில்ட்ரி.

"பனியா? மார்கழில எங்க வூட்டாண்ட கூடத்தான் பனி வுழுது. எனக்கு ஒண்ணும் ஆவலயே."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். விளக்கம் சொல்லவில்லை. உண்மையாக அடிபட்டவன் சொல்லாமல் இருப்பானா என்று நான் நினைத்தேன். எங்கள் ஊரில் தேள் கொட்டினவன்கூட மூன்று மாதத்துக்குக் கதை சொல்வான்.

வேலையில் அவர் ஒரு தனிப் பிறவி. தபால் பிரிப்பது, வந்த காகிதத்தைப் பதிவேட்டில் ஏற்றி நம்பர் போடுவது, கோப்பில் கோர்ப்பது, இவை அவர் பொறுப்பு. எது வந்தாலும் நம்பர். ஆபீசருக்கு வந்த கல்யாணப் பத்திரிகைக்கு நம்பர். உரக்கடைக்காரர் அனுப்பிய காலண்டருக்கு நம்பர். பெயர் போடாமல் யாரையாவது திட்டி வருகிற மொட்டைக் கடிதத்துக்கும் நம்பர். அனுப்பியவர் என்ற கட்டத்தில் அதற்கு 'பெயரில்லை' என்று ஒரே வார்த்தை எழுதுவார். "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டால், "வந்தது வந்தா மாரி எய்தணும்," என்பார். நாளைக்கு நாலு தடவை அதைக் கேட்கலாம்.

கோர்க்கிற குத்தூசியை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. தாளின் இடது மேல் மூலை, மேலிருந்து ஒரு அங்குலம், பக்கத்திலிருந்து ஒரு அங்குலம், ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்து அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து ஒரே குத்து. வேறு யாராவது கோணலாகக் குத்திய பழைய கோப்பு கையில் கிடைத்தால் நாடாவை அவிழ்த்து மறுபடி கோர்ப்பார். நான் அதையும் நம்பவில்லை. திருட்டு ஆள்தான் இவ்வளவு ஒழுங்கு காட்டுவான் என்று எனக்குள் ஒரு தீர்ப்பு.

ஆபீசர் ஒருமுறை ஒரு காகிதத்தை நேற்றே வந்ததாக எழுதச் சொன்னார். மில்ட்ரி விறைப்பாக நின்றார். "நேத்து தேதி நேத்தோட போச்சு சார்." ஆபீசர் கத்தினார். வராந்தாவில் நின்ற ஜனங்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இவர் அசையவில்லை. கடைசியில் அன்றைய தேதிதான் விழுந்தது. ஏகாம்பரம் அசந்துபோனார். "மனுசன் பேஜாரான ஆளும்மா," என்றார். நல்லவன் வேஷம் என்றேன் நான்.

என் சந்தேகமெல்லாம் அந்த ஷூவைச் சுற்றியே வந்தது. வெயிலில் தார் உருகுகிற சித்திரை மாதத்தில் ஊரே செருப்பைக் கழற்றி நிழலில் போடும். அவர் ஷூ காலிலேயே இருக்கும். ஆயுதபூஜைக்குப் பதிவறையைக் கழுவி, டைப்ரைட்டருக்குப் பொட்டு வைத்து, எல்லோரும் வெறுங்காலோடு நிற்போம். அவர் மட்டும் வராந்தாவிலேயே நிற்பார். "உள்ள வாங்க சார்," என்று கூப்பிட்டால், "இங்கயிருந்தே தெரியுதும்மா," என்பார். பொரியும் சுண்டலும் வெளியே போகும். ஏரி நிரம்பி ரோட்டில் முட்டளவு தண்ணீர் ஓடிய வருஷம், நாங்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செருப்பைக் கையில் பிடித்து வந்தோம். அவர் ஷூவோடு தண்ணீரில் இறங்கி நடந்து, நாள் முழுக்க அந்த ஈரத்தோடேயே உட்கார்ந்திருந்தார். காலில் ஒன்றும் இல்லை, கழற்றினால் குட்டு உடைந்துவிடும், அதனால்தான் கழற்றுவதில்லை என்று முடிவுக்கு வந்தேன்.

ஒருநாள் பதிவறையில் மேல் தட்டிலிருந்து ஒரு கட்டு எடுக்க எம்பினார். எம்பினவர் அப்படியே முன்னால் குப்புற விழுந்தார். நெற்றி அலமாரியில் பட்டு ரத்தம் வந்தது. ஏகாம்பரம் ஓடிப்போய்த் தூக்கினார். நான் வாசலில் நின்றபடி, "நல்லாத்தான் நடிக்கிறாரு," என்றேன். அது அவர் காதில் விழுந்திருக்கும் என்று அப்போதும் தெரியும். இப்போது நினைத்தால் என் வாயை நானே கிள்ளிக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த வருஷம் என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும். தினக்கூலிக்காரியை எந்த நாளும் நாளையிலிருந்து வராதே என்று சொல்லலாம். அந்த நிரந்தர வேலை எனக்கு வந்திருக்கவேண்டியது, ஒரு பொய்க் காலால் போனது என்ற எண்ணம் உள்ளே அழுகிப் புண்ணாகிவிட்டது. மொட்டைப் பெட்டிஷன் போட்டேன்.

காஞ்சிபுரத்தில் நான் டைப் படித்த இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் ஒரு மெஷினைக் கேட்டு உட்கார்ந்தேன். ஆபீஸ் மெஷின் எழுத்து தெரிந்துவிடுமே. மேற்படியார் சைக்கிள் ஓட்டுகிறார், படி ஏறுகிறார், பொய்ச் சான்றிதழ் கொடுத்து உண்மையான ஏழைகளின் வேலையைப் பறித்திருக்கிறார், மருத்துவக் குழுவை வைத்து மறுபடி சோதிக்கவேண்டும் என்று ஒரு பக்கம். எங்கள் ஆபீசருக்கே விலாசம் போட்டேன். தபாலை மில்ட்ரிதான் பிரிப்பார் என்று தெரியும். பிரிக்கட்டும், மறைத்தால் கள்ளன் என்று ருசுவாகிவிடும், அப்புறம் நேராக ஆபீசரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். உத்திரமேரூர் முத்திரை விழக்கூடாதென்று பழையசீவரம் போய், மலை ஏறி நரசிம்மரைச் சேவித்துவிட்டு, அந்த ஊர்த் தபால் பெட்டியில் போட்டேன். சாமியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்ட தைரியத்தோடு வீடு வந்தேன்.

மறுநாள் காலை ஆபீசில் முதல் தாளை அடித்து முடித்து மெஷினிலிருந்து உருவினேன். ஒருமுறை ஒப்பிட்டுப் படித்தேன். என் கை பேனாவை எடுத்து, தாளின் இடது கீழ் மூலையில் என் சுருக்கொப்பத்தைப் போட்டு, அடியில் தேதியும் போட்டது. டைப் அடித்தவர் ஒப்பிட்டுப் பார்த்ததற்கு அடையாளமாக அப்படிப் போடவேண்டும். நாலு வருஷமாகத் தினமும் முப்பது நாற்பது தாளுக்குப் போடுகிற கை. பேனாவை மூடும்போதுதான் இன்ஸ்டிடியூட்டில் அந்தத் தாளை உருவியது ஞாபகம் வந்தது. ஒப்பிட்டுப் படித்தது ஞாபகம் வந்தது. அப்புறம் பேனாவைத் திறந்ததும் ஞாபகம் வந்தது. பெயர் போடாத கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தபால்காரர் கட்டை வைத்துவிட்டுப் போனதும் மில்ட்ரியின் மேஜைக்கு ஓடினேன். "நான் பிரிக்கட்டுமா சார்? உங்களுக்கு வேல ஜாஸ்தியா கீதே."

"தபால் என் பொறுப்பும்மா. நீ டைப்பு அடி."

என் இடம் அவருக்குப் பின்னால். முதுகுதான் தெரிந்தது. ஒவ்வொரு உறையாகப் பிரித்தார். ஒரு இடத்தில் கை நின்றது. அந்தத் தாளை நெடுநேரம் படித்தார். முத்திரை விழுந்த சத்தம் கேட்டது. பேனா ஓடியது. குத்தூசி மரக்கட்டையில் திரும்பத் திரும்ப இறங்கியது. தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு ஆபீசர் அறைக்குப் போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆபீசர் படித்துவிட்டுச் சிரித்தார். கதவு திறந்திருந்தது, எல்லாம் கேட்டது. "மொட்டைக் கடுதாசிக்கெல்லாம் நடவடிக்கை எடுக்கணும்னு இல்லய்யா. கிழிச்சுப் போடு."

"நம்பர் போட்டாச்சு சார்."

"உன்மேலதான்யா எழுதியிருக்கான்."

"ஆமா சார். நம்பர் போட்டாச்சு. நடவடிக்க எடுக்கணும்."

எடுத்தார்கள். மருத்துவக் குழுவுக்கு அனுப்பும் கடிதத்தை நான்தான் டைப் அடித்தேன். 'பெயர் குறிப்பிடாத மனு ஒன்றில்' என்று அடித்த தாளிலும் இடது கீழ் மூலையில் என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். ஊனம் குறிப்பிட்ட அளவுக்குக் குறைவென்று குழு சொல்லிவிட்டால் அவர் வேலை போய்விடும். அவருக்கு வயதுக்கு வந்த பெண் இருக்கிறாள் என்று ஏகாம்பரம் அப்போதுதான் சொன்னார். கோப்பை எடுத்துக்கொண்டு கூடப் போக ஆள் வேண்டும். தினக்கூலிக்காரி என்னை அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷூவைக் கழற்றச் சொன்னார். நான் கோப்போடு வெளியே போகத் திரும்பினேன். "ஃபைல் வேணும், இருங்க," என்றார் டாக்டர். மில்ட்ரி நாற்காலியில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். ஷூவின் முன்பாதியில் மடித்த காக்கித் துணி திணித்திருந்தது. காலுறையை உருவினார். வலது காலில் ஒரு விரலும் இல்லை. பாதம் பாதியிலேயே மழுங்கி முடிந்திருந்தது. இடது காலில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மட்டும் இருந்தன, அவையும் கறுத்துப்போய்.

"எப்படி சைக்கிள் ஓட்டறீங்க?"

"நடுப்பாதத்துல மெரிப்பேன் சார். வெறுங்கால்ல நின்னா முன்னால வுழுந்துருவேன். பனிமலயில டூட்டி. மூணு நாள் மாத்த ஆள் வரல. அங்கயே கறுத்துப்போச்சு."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "நீயும் பாத்துக்கம்மா. ஆபீஸ்ல கேப்பாங்க."

கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஆயுதபூஜை அன்று நான் நீட்டிய சுண்டலும், பதிவறை வாசலில் நின்று சொன்ன வார்த்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனால் நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். பஸ்ஸில் திரும்பும்போதே அடுத்த சந்தேகம் ஏறி உட்கார்ந்துவிட்டது. நீயும் பாத்துக்கம்மா என்றால் என்ன அர்த்தம்? பெட்டிஷன் மூலையில் என் சுருக்கொப்பத்தைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா? பார்த்திருந்தால் ஏன் சொல்லவில்லை? எப்போது சொல்வார்?

பழைய சான்றிதழ் சரியென்று குழு எழுதி அனுப்பியது. அவர் அதற்கும் நம்பர் போட்டுக் கோர்த்துவைத்தார். அதன் பிறகு பல வருஷம் எனக்கு முன்னால் அந்த முதுகு. அவர் என்ன செய்தாலும் உள்ளர்த்தம் தேடினேன். என் மகளுக்குக் காய்ச்சல் என்றபோது, "நீ போம்மா, மீதிய நான் பாத்துக்கறேன்," என்றார். மீதி என்றால் எந்த மீதி என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். நாஷ்டாவில் இரண்டு இட்லியை என் பக்கம் தள்ளினால் அதிலும் ஏதோ இருக்கிறதென்று தோன்றும்.

நான் விதவைச் சான்றிதழுக்கு மறுபடி மனுப் போட்டிருந்தேன். வருவாய் ஆய்வாளர் விசாரிக்க வந்தார். வந்தவர் முதலில் மில்ட்ரியைத்தான் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டுப்போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். ஆய்வாளர் கேட்கிறார், இவர் பேசுகிறார், நிறையப் பேசுகிறார். அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. போச்சு, பழி தீர்த்துக்கொண்டார் என்று நினைத்தேன். உள்ளே வந்ததும் நேராகக் கேட்டேன். "அவுருகிட்ட இன்னா சார் சொன்னீங்க?"

"கேட்டாரு. சொன்னேன்."

"இன்னான்னு?"

"கீறது கீறா மாரி."

அடுத்த மாதம் சான்றிதழ் வந்தது. அடுத்த காலியிடத்தில் அதே முன்னுரிமையில் எனக்கு வேலையும் வந்தது. வராந்தாவில் யாரோ, "இவளுக்கு இன்னா கொறச்சல், நல்லாத்தான கீறா," என்று என் காதுபடச் சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரத்தில் மில்ட்ரி ஒரு கோப்பை அவிழ்த்துக் கோர்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஓய்வுபெற்ற அன்று பதிவறைப் பொறுப்பை என்னிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். சாவி, குத்தூசி, மரக்கட்டை, ஸ்டீல் ஸ்கேல், அப்புறம் பதிவேடுகள். எல்லாப் பதிவேட்டையும் பார்த்துச் சரியென்று நான் ஒப்பமிட்டால்தான் அவர் வீட்டுக்குப் போகலாம். அவர் மேஜைக்கு எதிரே நின்றார். "உட்காருங்க சார்," என்றேன். "நிக்கறேம்மா. நீ பாரு," என்றார்.

எந்த வருஷம், எந்த மாதம் என்று எனக்குத் தேடவேண்டியிருக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினேன். மற்ற மொட்டைக் கடிதங்களுக்கு நேரே 'பெயரில்லை' என்ற ஒரே வார்த்தை. என்னுடையதற்கு நேரே அதே கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'பெயர், கையொப்பம், சுருக்கொப்பம், தேதி எதுவும் இல்லை.'

அலமாரியிலிருந்து அந்தக் கோப்பை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. தாளின் மேல் மூலையில் ஒரு அங்குலத்துக்கு ஒரு அங்குலம், வழக்கமான துளை. இடது கீழ் மூலையில் இன்னொரு துளை. அது ஒரே குத்தில் விழுந்ததில்லை. பத்துப் பன்னிரண்டு தடவை குத்தி, தாள் பிய்ந்து, மை இருந்த இடமே இல்லாமல் போயிருந்தது. அதிலும் நாடா கோர்த்து முடிச்சுப் போட்டிருந்தார்.

அத்தனை வருஷப் பதிவேட்டில் வந்தது வந்த மாதிரி எழுதாத வரி அது ஒன்றுதான். அதுவும் அவர் வேலையைப் பறிக்க வந்த காகிதத்துக்கு. எனக்குக் கண் மறைத்தது. அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டியாம்மா?"

"பாத்துட்டேன் சார்."

"எல்லாம் சரியா கீதா?"

"சரியா கீது சார்."

கடைசிப் பக்கத்தில், மேற்கண்ட பதிவுகள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டன என்று எழுதினேன். இடது பக்கம் கீழ் மூலையில் என் சுருக்கொப்பத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினேன்.

அவர் குனிந்து பார்த்தார்.

"தேதி போடும்மா," என்றார்.